பத்தொன்பது ஆண்டுத் தூரம்: இப்னு பதூதாவின் வாழ்க்கை

சென்ற தவணையில், உலகத்து விமான நிலையங்கள் சிலவற்றின் பெயர்களைத் தேடி எழுதி வரும்படி எட்டாம் தர மாணவியரிடம் சொல்லியிருந்தேன். பெரும்பாலானோர் துபாய், தோஹா, ஜித்தா, லண்டன் என்று தங்கள் உறவினர் இறங்கி ஏறும் இடங்களையே எழுதி வந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் மொரோக்கோ நாட்டின் தாஞ்சியர் விமான நிலையத்தை எழுதியிருந்தாள். அதற்கு இப்னு பதூதாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பதே காரணம். அங்கிருந்து நம் பலாலிக்கு எவ்வளவு தூரம், வந்து சேர எத்தனை மணித்தியாலம் செல்லும் என்பது அவளுடைய கேள்வி.

வகுப்பிலே ஓர் உலக உருண்டை உண்டு. தையல் நூலொன்றை எடுத்து ஒரு நுனியைத் தாஞ்சியரிலும் மறு நுனியை யாழ்ப்பாணத்திலும் வைத்து இழுத்துப் பிடித்தோம். பிறகு அதே நூலால் பூமத்திய கோட்டைச் சுற்றி அளந்தோம். முழுச் சுற்று 40,000 கிலோமீற்றர். நம் நூல் அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அகலாங்கு நெட்டாங்குகளைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தபோதும் ஏறத்தாழ 9,000 கிலோமீற்றர் என்றே வந்தது. மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் ஒரே மூச்சில் பறக்கும் விமானம் இருந்தால் பத்தரை மணித்தியாலம் போதும். அப்படியொரு நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ மாறி, பிறகு சென்னையில் மாறி, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும்.

நூல் போன வழியையும் கவனித்தோம். சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் இரண்டு ஊர்களையும் அடிமட்டம் வைத்து இணைத்தால் கோடு லிபியாவின் பாலைவனத்தையும் எகிப்தின் தென்பகுதியையும் வெட்டிக்கொண்டு போகும். உருண்டையிலே நூல் அப்படிப் போகவில்லை. தூனிசியாவின் கரையைத் தொட்டு, மத்தியதரைக் கடலைக் கடந்து, பலஸ்தீனத்தின் மேலாக, அரபு நாட்டின் வடபகுதியூடாக, ஓமானுக்குச் சென்று, அரபிக் கடலைத் தாண்டி, மங்களூருக்கு அருகே கரையேறி, கரூர்ப் பக்கமாக வந்து பாக்குநீரிணையில் இறங்கியது. உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி அதுதான். விமானிகளும் இயன்றவரை அதைத்தான் தேடுவார்கள். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அந்த நூலின் கீழே கிடந்த தூனிசியா, பலஸ்தீனம், ஓமான், மங்களூர் ஆகிய எல்லாவற்றிலும் இப்னு பதூதா கால் பதித்திருக்கிறார். நம் யாழ்ப்பாண அரசனின் முன்னிலையிலும் அவர் நின்றிருக்கிறார். பத்தரை மணித்தியாலத் தூரத்தைக் கடக்க அவருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. அந்தப் பிள்ளைக்குப் பாடவேளையில் சொல்லி முடிக்க இயலாமற்போனதை இங்கே எழுதுகிறேன்.

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு பதூதா 1304 பெப்ரவரி 24ஆம் திகதி தாஞ்சியரில் பிறந்தார். அரபியர் அந்நகரைத் தன்ஜா என்பர். லவாத்தா என்ற பர்பர் குலத்தைச் சேர்ந்த குடும்பம். தலைமுறை தலைமுறையாகக் காழிகளைத் தந்த குடும்பம். அவரும் மாலிக் மத்ஹபுச் சட்டத்தைப் படித்தார். 1325 ஜூன் 14ஆம் திகதி, இருபத்தொரு வயதில், ஹஜ்ஜை நாடித் தனியாகப் புறப்பட்டார். அப்போது தாயும் தந்தையும் உயிரோடிருந்தார்கள். அவர்களைப் பிரிவது பெரும் வேதனையாக இருந்ததென்று அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். போய்வர ஒன்றரை ஆண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு என்றுதான் வீட்டில் எண்ணியிருப்பார்கள்.

தொடக்கம் வீரப் பயணமாக இருக்கவில்லை. வழியிலேயே கடும் காய்ச்சல் கண்டது. குதிரையிலிருந்து விழுந்துவிடாமல் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்தார். தூனிஸ் நகரை அடைந்தபோது கூட வந்தவர்களை வரவேற்க அவரவர் ஆட்கள் வந்திருந்தார்கள். இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவருமில்லை. அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். அதைக் கண்ட ஒரு யாத்திரிகர் அருகே வந்து பேசித் தேற்றினார். உலகத்தையே சுற்றிய மனிதரின் நூலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். வெளியூர் விடுதியில் முதல் இரவைக் கழித்த எந்த மாணவிக்கும் இது புரியும்.

தாஞ்சியரிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு வந்து சேர 1326 ஏப்ரல் ஆகிவிட்டது. நேர்கோட்டில் 3,300 கிலோமீற்றரை ஒட்டிய தூரம். விமானத்துக்கு நாலு மணித்தியாலம். அவருக்குப் பத்து மாதம். அலெக்சாந்திரியாவில் புர்ஹானுத்தீன் என்ற பெரியவர், சிந்துவிலும் இந்தியாவிலும் சீனாவிலும் இருக்கும் மூன்று ஞானிகளின் பெயரைச் சொல்லி, அவர்களைக் கண்டால் தம் ஸலாத்தை எத்தி வைக்கும்படி கேட்டார். அதுவரை அத்தனை தூரம் போகும் எண்ணமே தமக்கு இருக்கவில்லை என்கிறார் இப்னு பதூதா. ஒரு ஸலாம் ஒரு மனிதரைச் சீனா வரை இழுத்துச் சென்றிருக்கிறது.

1326ஆம் ஆண்டின் இறுதியில் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். ஊர் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. ஈராக், பாரசீகம், மீண்டும் மக்கா, யெமன், கிழக்காபிரிக்காவின் மொகதிஷு, கில்வா, பிறகு துருக்கியர் நாடு, ருஷ்யப் புல்வெளிகள், மத்திய ஆசியா, இந்துகுஷ் மலை என்று ஏழு ஆண்டுகள் போயின. ஒருமுறை போன வழியில் இயன்றவரை மறுமுறை போவதில்லை என்பது அவருடைய வைராக்கியம். 1333 செப்டெம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்தார்.

அங்கே அவரைக் கவர்ந்தது அஞ்சல் முறை. டில்லி சுல்தான் முஹம்மத் பின் துக்ளக்கின் ஆட்சியில் குதிரை அஞ்சல், கால்நடை அஞ்சல் என இரண்டு இருந்தன. கால்நடை அஞ்சலில் ஒவ்வொரு மைலுக்கும் மூன்று தரிப்பிடங்கள். ஓட்டக்காரன் ஒரு கையில் கடிதத்தையும் மறு கையில் செப்பு மணிகள் கட்டிய கோலையும் ஏந்தி முழு வேகத்தில் ஓடிவருவான். மணியோசை கேட்டதும் அடுத்தவன் ஆயத்தமாக நிற்பான். சிந்துவிலிருந்து டில்லிக்குச் சாதாரண ஆள் போக ஐம்பது நாள். அஞ்சல் ஐந்து நாளில் போய்ச் சேர்ந்தது. நூல் கொண்டு அளந்தால் தூரம் ஒன்றேதான், ஆனால் சுல்தானுக்கு ஐந்து நாள், மற்றவர்க்கு ஐம்பது நாள். தாஞ்சியரில் காத்திருந்த ஒரு தாய்க்கு அப்படியொரு மணியோசை ஒருநாளும் கேட்கவில்லை. இதைச் சற்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வரவேண்டியிருக்கும்.

டில்லியில் அவர் காழியானார். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் தீனார் சம்பளம். சுல்தானோ கொடையிலும் பெரியவர், கொலையிலும் பெரியவர். காலையில் பரிசு வாங்கியவன் மாலையில் தலை இழப்பதை இப்னு பதூதா பார்த்திருக்கிறார். ஒரு கட்டத்தில் தாமும் சந்தேகத்துக்குள்ளாகி, உயிருக்கு அஞ்சி, எல்லாவற்றையும் துறந்து நோன்பிருந்திருக்கிறார். எட்டாண்டுகளுக்கு மேல் அங்கே கழிந்தபின், சீனப் பேரரசரிடம் தூது செல்லும் பொறுப்பு கிடைத்தது. 1342இல் பெரும் பரிசுப் பொருட்களோடு புறப்பட்டார்.

கள்ளிக்கோட்டைத் துறையில் அந்தத் தூது முடிந்துபோயிற்று. பரிசுகள் யாவும் கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. ஜும்ஆத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கினார். அன்றிரவு எழுந்த புயலில் பரிசுகளை ஏற்றிய கப்பல் உடைந்தது. அவருடைய ஆட்களும் உடைமைகளும் இருந்த மற்றக் கப்பல் அவரை விட்டுவிட்டுக் கடலோடிப் போயிற்று. கையில் பத்துத் தீனாரும் படுத்துறங்கிய ஒரு விரிப்புமே மிச்சம். வெறுங்கையோடு டில்லி திரும்பினால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். எனவே மாலைதீவுக்குப் போனார்.

மாலைதீவை அப்போது ஆண்டவர் ஒரு பெண், சுல்தானா கதீஜா. ஜும்ஆக் குத்பாவில் அவருடைய பெயர் சொல்லப்பட்டதை இப்னு பதூதா வியப்போடு குறித்திருக்கிறார். அங்கும் காழிப் பதவி அவருக்குக் கிடைத்தது. அத்தீவுப் பெண்கள் தமக்குப் பழக்கமான உடையிலேயே நடமாடினர். அதை மாற்றிவிட முயன்று தம்மால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். அங்கே நான்கு திருமணங்கள் செய்தார். அதற்கு முன்னும் பின்னும் செய்தவை பல. ஊர் மாறும்போது மணவிலக்குச் செய்துவிட்டுப் போவது அவர் வழக்கம். டமஸ்கஸில் ஒரு மனைவியைக் கருவுற்றிருந்த நிலையில் விட்டுச் சென்றிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு இப்னு பதூதாவைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பகுதியைப் பலர் விட்டுவிடுவார்கள். விடத் தேவையில்லை. அவர் பெரிய பயணி. வீட்டில் விடப்பட்டவர்களின் கணக்கை அவர் எழுதவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்திக்கு எழுத்தறிவும் காகிதமும் வாய்த்திருந்தால் நமக்கு இன்னொரு நூல் கிடைத்திருக்கும்.

1344இல் மாலைதீவின் அமைச்சர்களோடு பிணக்கு முற்றிப் புறப்பட்டார். எண்ணம் மஃபருக்கு, அதாவது தமிழகத்தின் கீழைக் கரைக்குப் போவது. மூன்று நாள் ஓட்டம் என்றார்கள். தேர்ந்த மாலுமி இல்லாத கப்பல் கடலில் ஒன்பது நாள் அலைந்து, ஒன்பதாம் நாள் இலங்கைக் கரையைக் கண்டது. மாலேயிலிருந்து புத்தளம் நேர்கோட்டில் 800 கிலோமீற்றர் சொச்சம். ஒன்பது நாளால் பிரித்தால் மணிக்கு நான்கு கிலோமீற்றர்கூட வராது. நாம் பாடசாலைக்கு நடக்கும் வேகம். இன்று மாலேக்கும் கொழும்புக்கும் இடையே விமானம் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடுகிறது.

ஸரந்தீபின் மலை புகைத்தூண்போல வானில் எழுந்து நின்றதைக் கடலிலிருந்தே கண்டார். பாவா ஆதமலை, சிவனொளிபாதமலை, சிறீபாத என்று நாம் பல பெயர்களில் அழைக்கும் மலைதான் அது. ஒன்பது நாள் தொலைவிலேயே அது தெரிந்ததென்றும் எழுதியிருக்கிறார். இது சற்று மிகை. மலையின் உயரம் 2,243 மீற்றர். பூமியின் வளைவைக் கொண்டு கணக்கிட்டால், கடல் மட்டத்தில் நிற்பவருக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அது தெரியாது. பாய்மரத்தில் ஏறினால் இன்னும் சில கிலோமீற்றர் சேரும், அவ்வளவுதான். பயணிகளின் தூரக் கணக்கை நூல் கொண்டு சரிபார்ப்பதில் தவறில்லை.

மாலுமிகளுக்கு இறங்கப் பயம். அந்தக் கரை ஆரியச்சக்கரவர்த்தியுடையது. அவன் கொடியவன், அவனுடைய கப்பல்கள் கடலில் கொள்ளையிடுபவை என்று சொன்னார்கள். இப்னு பதூதா அவனை ஐரி ஷகர்வதி என்று எழுதுகிறார். யாழ்ப்பாண அரசின் மன்னர்தான் இவர். மார்த்தாண்ட சிங்கையாரியன் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். காற்று வலுத்தது, கடலில் நிற்பது அதைவிட ஆபத்து. தாம் மஃபர் சுல்தானின் உறவினரென்றும் கப்பலிலுள்ளவை அவருக்கான அன்பளிப்பென்றும் சொல்லி இப்னு பதூதா கரையிறங்கினார். உறவு என்பதில் உண்மையும் இருந்தது: டில்லியில் அவர் மணந்த ஒரு பெண்ணின் சகோதரியே மதுரைச் சுல்தானின் மனைவி.

அவர் இறங்கிய ஊரின் பெயர் பத்தாளா, நம் புத்தளம். மரச் சுவரும் மரக் கோபுரங்களும் கொண்ட சிறிய அழகான ஊர் என்கிறார். ஆறுகள் அடித்துவந்த கறுவா மரத் துண்டுகள் கரையில் குன்றுபோலக் குவிந்து கிடந்தனவாம். மஃபரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வருவோர் விலை கொடாமல் அவற்றை ஏற்றிச் செல்வர். பதிலாக அரசனுக்குத் துணிமணிகள் கொடுப்பர். அரசன் பாரசீக மொழி விளங்கக்கூடியவன். அயல்நாடுகளையும் அரசர்களையும் பற்றிய கதைகளை ஆவலோடு கேட்டான். முத்துக்குளிப்பில் கிடைத்த முத்துக்களைக் காட்டி, சிறந்தவற்றை விருந்தினருக்குக் கொடுத்தான். கொடியவன் என்று மாலுமிகள் வருணித்த மனிதன் மூன்று நாளும் நண்பனாகவே நடந்துகொண்டான்.

வேண்டியதைக் கேட்கச் சொன்னபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவட்டைத் தரிசிப்பதே தம் ஆசை என்றார் இப்னு பதூதா. அரசன் பல்லக்கு ஒன்றும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், தன் ஆட்கள் பத்துப்பேரும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினான். ஒரு முஸ்லிம் காழியின் யாத்திரைக்கு ஓர் இந்து அரசன் யோகிகளையும் பிராமணர்களையும் துணையாக அனுப்பினான். மலையில் பௌத்தரும் வழிபட்டனர். 1344இல் இது எவருக்கும் விசித்திரமாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

காட்டு வழியில் அட்டைகள் கடித்தன. அதற்கு மக்கள் எலுமிச்சம்பழத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பிழிந்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். மலையில் ஏறச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன. திரும்பும் வழியில் தெவிநுவரவின் பெருங்கோயிலையும், காலியையும், கொழும்பையும் கண்டார். கொழும்பு அப்போதே தீவின் பெரிய அழகிய நகரங்களில் ஒன்று. ஐந்நூறு அபிசீனிய வீரர்களோடு ஜலஸ்தி என்ற கடல் தலைவன் அங்கிருந்தான். அங்கிருந்து மூன்று நாளில் மீண்டும் புத்தளம்.

புத்தளம் என்று எழுதும்போது என் கை சற்று நின்றுவிடுகிறது. நான் பிறந்த ஊர் அது. என் உம்மாவும் வாப்பாவும் பிறந்த ஊர் யாழ்ப்பாணம். 1990 ஒக்டோபர் இறுதியில், உடுத்த துணியோடு, சில மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற நேர்ந்தபோது அவர்களும் வெளியேறினார்கள். இன்று பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலத்தில் போகும் அந்தத் தூரத்தை நடந்தும், லொறியில் நெருங்கியும், கைக்குழந்தையோடு பல நாட்களில் கடந்ததை உம்மா சொல்வார். எத்தனை நாள் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணிக்கை வரும். இப்போது நான் கற்பிப்பதற்காகக் கொழும்புத்துறையில் வாடகை அறையொன்றில் இருக்கிறேன். மாலையில் இறங்குதுறைப் பக்கம் போனால் கடனீரேரிக்கு அப்பால் பூநகரிக் கரை மங்கலாகத் தெரியும். யாழ்ப்பாண அரசனின் விருந்தினர் புத்தளத்தில் இறங்கிய கதையை யாழ்ப்பாணத்து மாணவிகளுக்கு நான் சொல்வதை உம்மா கேட்டால் சிரிப்பாரா, அழுவாரா தெரியாது.

மீண்டும் கதைக்கு வருவோம். புத்தளத்திலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட கப்பல் தமிழ்க் கரைக்கு அருகே ஆழமற்ற நீரில் மோதிற்று. பாய்மரத்தை வெட்டினார்கள், தெப்பம் கட்டிப் பெண்களை முதலில் அனுப்பினார்கள். இப்னு பதூதாவுக்கு நன்றாக நீந்த வராது. உடையும் கப்பலின் பின்புறத்தில் இரவு முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்து, காலையில் கரையோர மக்கள் படகில் வந்து காப்பாற்றினார்கள். மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் முகாமில் அவர் கண்டவை கொடியவை. பிடிபட்ட இந்துக்களையும் அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொல்லச் செய்ததை அவர் நேரில் பார்த்து, வெட்கத்துக்குரிய செயலென்று கண்டித்து எழுதியிருக்கிறார். தம் மதத்தவன், தம் உறவினன், தமக்கு உணவளித்தவன் என்பதற்காக அவர் அதை மறைக்கவில்லை. அவருடைய நூலை நான் நம்புவதற்கு முக்கிய காரணம் அது.

மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர் இரண்டாம் மூன்றாம் நாளில் இறந்தனர். சுல்தானும் இறந்தார். இப்னு பதூதாவையும் காய்ச்சல் பிடித்தது. அந்நாட்டில் தாராளமாகக் கிடைத்த புளியை ஓர் இறாத்தல் அளவு நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிற்றாலை போய்ச் சுகமாயிற்று. ரசத்தின் பெருமை பேசுவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு மலையாளக் கரையை ஒட்டிச் செல்கையில் பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டனர். யாழ்ப்பாண அரசன் கொடுத்த முத்தும் மாணிக்கமும் அங்கேயே போயின. காற்சட்டை ஒன்றோடு கரையில் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. மாலைதீவுக்குச் சென்று, தாம் போனபின் பிறந்த மகனைக் கண்டார், இரண்டு வயது. தாயிடமே விட்டுவிடுவது நல்லதென்று முடிவு செய்து சில நாட்களில் புறப்பட்டார். வங்காளம், சுமாத்திரா, சீனா. சீனாவில் அவர் உண்மையில் எவ்வளவு தூரம் சென்றார் என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. அந்த விவாதம் இங்கே தேவையில்லை.

திரும்பும் வழியில், 1348இல் டமஸ்கஸுக்கு வந்தார். விட்டுச்சென்ற மனைவிக்கு ஒரு மகன் பிறந்திருந்தான் என்பதை இந்தியாவில் இருக்கையில் அறிந்து, பொன் அனுப்பியிருந்தார். வந்து விசாரித்தபோது அந்தப் பிள்ளை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தான். தாஞ்சியரைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் டமஸ்கஸில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரிடம் போனார். தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்றும் தாய் உயிரோடிருக்கிறார் என்றும் அவர் தெரிவித்தார்.

பதினைந்து ஆண்டுகள். கணக்குப் பார்த்தால், அவர் சிந்து நதியைக் கடந்து அஞ்சல் ஓட்டக்காரரின் வேகத்தை வியந்துகொண்டிருந்த காலத்திலேயே வாப்பா வபாத்தாகியிருக்கிறார். டில்லியில் காழியாக இருந்தபோதும், மாலைதீவில் மணம் முடித்தபோதும், புத்தளத்தில் முத்துக்களை எண்ணியபோதும், தந்தை உயிரோடிருப்பதாகவே எண்ணித் துஆச் செய்திருப்பார்.

நம் வகுப்பில் அரைவாசிப் பிள்ளைகளின் வாப்பாமார் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இரவில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். கட்டாரில் மழை பெய்தால் இங்கே அதே நிமிடத்தில் தெரிகிறது. நோன்புப் பெருநாளுக்கு வர முடியாது என்பதும் அதே வேகத்தில் தெரிந்துவிடுகிறது. விமானச் சீட்டின் விலையும் விடுமுறை கிடைக்காமையும் சேர்ந்த தூரத்தை என் தையல் நூல் அளக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னாள். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அந்த ஆண்டு உலகையே பெருங்கொள்ளைநோய் சூழ்ந்திருந்தது. டமஸ்கஸிலும் கெய்ரோவிலும் நாளொன்றுக்கு எழுந்த ஜனாஸாக்களை எண்ணி எழுதியிருக்கிறார். மீண்டும் ஒரு ஹஜ் செய்துவிட்டு, தூனிஸ் வழியாக மேற்கே விரைந்தார். இம்முறை விரைந்தார் என்றே சொல்லவேண்டும். எந்த ஊரிலும் ஆண்டுக்கணக்கில் தங்கவில்லை. மொரோக்கோவின் தாஸா என்ற ஊரை அடைந்தபோது செய்தி எதிர்கொண்டது. தாயையும் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்டது. தாஸாவிலிருந்து தாஞ்சியருக்கு நேர்கோட்டில் 250 கிலோமீற்றர்கூட இல்லை. இருபத்துநாலு ஆண்டுகள் காத்திருந்த தாய், மகன் நாடு சேரும் தறுவாயில் போய்ச் சேர்ந்தார். 1349 நவம்பர் 8ஆம் திகதி பாஸ் நகரத்தில் சுல்தான் அபூ இனானைக் கண்டுவிட்டு, பிறகு தாஞ்சியருக்குச் சென்று தாயின் கப்றை ஸியாரத் செய்தார். அந்த இடத்தை நூலில் இரண்டு மூன்று வரிகளில் கடந்துவிடுகிறார். கறுவா மரக் குவியலுக்கு அதைவிட நீளமான வருணனை உண்டு. சொல்ல முடிந்ததை நீளமாகச் சொல்வது மனித இயல்பு.

அதன்பின்னும் அந்தலூஸியாவுக்கும், சகாராவைக் கடந்து மாலி நாட்டுக்கும் போனார். மொத்தம் ஏறத்தாழ 1,20,000 கிலோமீற்றர் பயணம் செய்திருப்பார் என்று மதிப்பிடுவர்; பூமியை மூன்று முறை சுற்றும் தூரம். சுல்தானின் ஆணைப்படி தாம் கண்டவற்றைச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதினார். 1355 டிசெம்பரில் அந்த நூல் நிறைவேறியது. ரிஹ்லா என்ற பெயரில் உலகம் அறிவது அதையே. குறிப்புகள் பலவற்றைக் கடலில் இழந்த ஒருவர், இருபத்தொன்பது ஆண்டுகளின் ஊர்களையும் பெயர்களையும் விலைகளையும் பெரும்பாலும் நினைவிலிருந்து சொன்னது அது. சில இடங்களில் வரிசை குழம்பியிருக்கிறது. சில வருணனைகளை எழுதியவர் பழைய நூல்களிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார். ஆயினும் பதினான்காம் நூற்றாண்டுப் புத்தளத்தின் மரக் கோபுரங்களையும், பாரசீகம் விளங்கிய யாழ்ப்பாண அரசனையும் கண்டு எழுதிய வேறொரு சாட்சி நமக்கு இல்லை.

நூலை முடித்தபின் மொரோக்கோவில் ஓர் ஊரின் காழியாக, பயணங்கள் ஓய்ந்து வாழ்ந்து மறைந்தார். தாஞ்சியரின் பழைய நகரத்தில், ஒடுங்கிய ஒழுங்கையொன்றில், அவருடையதென்று ஒரு சிறிய அடக்கத்தலம் காட்டப்படுகிறது. அவர் பெயர் கொண்ட விமான நிலையம் அங்கிருந்து பதினைந்து கிலோமீற்றருக்கு உள்ளேதான் இருக்கிறது.